டாங்கனிக்காவை வெறும் ஆழக் கணக்காகச் சொல்லி முடித்துவிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் மாணவர் பக்கத்தில் உலகின் ஆழமான ஏரிகள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முதலில் பைக்கால், அடுத்து டாங்கனிக்கா. 1,470 மீட்டர் ஆழம், ஆப்பிரிக்கா என்று சொல்லி அடுத்த ஏரிக்குப் போய்விட்டது பட்டியல். எண்ணில் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்த ஏரியின் மீன்களை நம்பித்தான் இருபத்தாறு வருடமாக என் வீட்டில் உலை கொதிக்கிறது. ஒரு எண்ணோடு அது முடிந்துபோனதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் சென்னை கொளத்தூரில் வண்ணமீன் வளர்ப்பவன். எங்கள் பக்கம் மொட்டை மாடியிலும் கொல்லையிலும் சிமெண்ட் தொட்டி கட்டி கப்பி, மோலி, ஃபைட்டர், ஏஞ்சல் என்று குஞ்சு எடுத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். நான் மட்டும் சிக்லிட் என்ற மீன் குடும்பத்தின் ஆப்பிரிக்க இனங்கள் பக்கம் வந்ததற்குக் காரணம் என் வீட்டு போர் தண்ணீர். அதில் பருப்பு வேகாது. வெந்நீர் வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். ஏஞ்சல் மீன் அதில் முட்டை போட்டாலும் பொரியாது. இந்தத் தண்ணீருக்கு என்னதான் வளர்ப்பது என்று நான் அலைந்தபோது, தொழிலில் மூத்த ஒருவர் சொன்னார்: "டாங்கனிக்கா மீன் வாங்கி விடுப்பா, அதுக்கு உன் தண்ணியே போதாது, இன்னும் காரம் கேட்கும்." அது உண்மைதான். தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு அந்த ஏரியில் 9ஐ ஒட்டி இருக்கும். நான் தொட்டி அடியில் கிளிஞ்சல் தூள் போட்டு, சோடா உப்பும் கலந்து சமாளிக்கிறேன்.

முதலில் வாங்கியது ஒசெல்லாட்டஸ். சுண்டு விரல் நீளம்கூட வராத மீன். செவுள் மேல் தங்க வளையம் போட்ட ஒரு கறுப்புப் பொட்டு. இது குடியிருப்பது காலி நத்தை ஓட்டுக்குள். அந்த ஏரிக்கே உரிய நியோதௌமா என்றொரு நத்தை உண்டு. அது செத்தபின் ஓடு கரைவதில்லை, அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு அவ்வளவு. அதனால் காலங்காலமாகச் சேர்ந்த ஓடுகள் ஏரியின் அடித்தரையில் சில இடங்களில் விரித்துக் கொட்டியது போலக் கிடக்கின்றன. என்னிடம் அந்த ஓடு ஏது? செங்கல்பட்டுப் பக்கம் வயலில் கிடக்கும் நத்தை ஓட்டைப் பொறுக்கி வந்து, வேகவைத்துக் கழுவிப் போட்டேன்.

பெண் மீன் ஒன்று ஓட்டைச் சுற்றி ஒரு தரம் வந்தது. வாய் நிறைய மணல் அள்ளிச் சற்றுத் தள்ளிப் போய்த் துப்பியது. திரும்ப வந்து அள்ளியது. ஓட்டுக்குக் கீழேயே பள்ளம் பறித்ததில் ஓடு மெல்லச் சாய்ந்து உள்ளே இறங்கியது. ஓட்டின் வாய் மட்டும் மேலே பார்த்து நிற்கும்படி அதைத் திருப்பி வைத்தது. பிறகு தலையை மறுபக்கம் வைத்துக்கொண்டு வாலால் அடித்து அடித்து மணலை அதன் மேல் தள்ளியது. சாயங்காலம் நான் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஓடு இருந்த சுவடே இல்லை. மணலில் ஒரு துவாரம், அதற்குள் இரண்டு கண். வயல் நத்தை ஓட்டை அந்த மீனின் முன்னோர் யாரும் பார்த்ததே கிடையாது. ஆனாலும் எதை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. என் மனைவியையும் மகளையும் கூப்பிட்டுக் காட்டினேன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு பத்து மணிக்கு மேல்தான்.

இதே குடியிருப்பு முறையில் இன்னும் சில இனங்கள் உண்டு. மல்டி என்று நாங்கள் சொல்லும் வரி மீன், சிக்லிட்டுகளிலேயே மிகச் சிறியதில் ஒன்று. ஓடுகள் கிடக்கும் இடத்தில் அது குடும்பம் குடும்பமாக வாழும். தாய், தகப்பன், மூத்த குஞ்சு, இளைய குஞ்சு எல்லாம் ஒரே காலனி. கல்லிப்டெரஸ் என்ற இன்னொன்றில் ஆண் பெரியது, அதுவே ஓடுகளை வாயில் கவ்வி இழுத்து வந்து ஓரிடத்தில் குவிக்கும். பெண்கள் வந்து ஆளுக்கொரு ஓட்டில் புகுந்து முட்டை வைக்கும். ஆணின் எடை பெண்ணைப் போலப் பன்னிரண்டு மடங்கு. தன் ஓட்டுக்குள் தானே நுழைய முடியாத அளவு.

இந்த ஏரியில் ஏறத்தாழ 250 சிக்லிட் இனங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் கிடையாது. ஏன் இத்தனை என்று கேட்டால், ஏரியின் கரையைப் பார்க்க வேண்டும். 673 கிலோமீட்டர் நீளம், சராசரி 50 கிலோமீட்டர் அகலம். பூமி பிளந்த பள்ளத்தில் தண்ணீர் நின்று பல லட்சம் தலைமுறை ஆகிவிட்டது. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா என்று நான்கு நாட்டுக் கரை. அந்தக் கரை ஒரே சீராகப் போவதில்லை. கொஞ்ச தூரம் பாறை, பிறகு மணல் வளைவு, மறுபடி பாறை, நடுவே ஓர் ஆற்று முகத்துவாரம். பாறை மீன் பாறையை விட்டு வராது. நடுவே மணல்வெளி வந்தால் அதற்கு அதுதான் எல்லை.

ட்ரோஃபியஸ் என்ற மீனை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். பாறை மேல் படியும் பாசியைச் சுரண்டித் தின்னும் மீன். உருவம் எல்லாம் ஒன்றுதான், நிறம் இடத்துக்கு இடம் வேறு. ஒரு பாறைத்தொடரில் கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை, இன்னொன்றில் செங்கல் நிறம், மற்றொன்றில் ஆலிவ் பச்சை. இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட நிறவகைகளை எண்ணியிருக்கிறார்கள். அதனால்தான் வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் இதை இனப் பெயரால் மட்டும் கேட்பதில்லை. மொலிரோ, இலாங்கி, இகோலா என்று கரையோர ஊர்ப் பெயரையும் சேர்த்துத்தான் கேட்பார்கள். மதுரை மல்லி, சேலம் மாம்பழம் என்று நாம் சொல்வதைப் போலத்தான்.

ட்ரோஃபியஸ் விஷயத்தில் நான் பெரிய பாவம் செய்திருக்கிறேன். முதல் தடவை இருபத்தைந்து வாங்கினேன். மற்ற மீனுக்குப் போடுவதைப் போலச் சாக்கடைக் கால்வாயில் அள்ளி வரும் சிவப்புப் புழுவை நன்றாக அலசிப் போட்டேன். ஆவலாகத் தின்றன. நான்காம் நாள் ஒன்று மூலையில் ஒதுங்கியது, வயிறு ஊதியது, வெள்ளை நூல் போலக் கழிவு. பத்து நாளில் மூன்று மிஞ்சின. செத்ததில் ஒன்றை அறுத்துப் பார்த்தேன். குடல் சுருள் சுருளாக வந்துகொண்டே இருந்தது. பெஞ்சு மேல் நீட்டி வைத்தால் மீனின் நீளத்தைப் போலப் பல மடங்கு. பாசி தின்னப் பிறந்த வயிறு அது. கொழுப்பான புழுவை அது தாங்காது. மிஞ்சிய மூன்றுக்கு ஸ்பைருலினா என்ற பாசித் தூளும் வேகவைத்த கீரையும் கொடுத்துக் காப்பாற்றினேன்.

பிறகு ஓர் இறக்குமதியாளரிடம் இரண்டு ஊர் மீன் தனித்தனியாகக் கேட்டு முன்பணம் கட்டினேன். இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டி வைத்து, கண்ணில் பட்டதைப் பிடித்துக் கொடுத்துவிட்டார்கள். அது தெரியாமல் வளர்த்து, ஒன்றரை வருடம் கழித்துப் பிறந்த குஞ்சுகள் இரண்டு நிறமும் இல்லாமல் சேற்று நிறத்தில் வந்தன. கேட்டதற்கு, "எல்லாம் ட்ரோஃபியஸ்தானே அண்ணே" என்றார்கள். ஒரு பாறைத்தொடர் ஆயிரமாயிரம் வருடமாகத் தனியாகக் காப்பாற்றி வைத்ததை நாம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் ஒரே வாரத்தில் கலைத்துவிட்டோம். அந்தக் குஞ்சுகளை நான் விற்கவில்லை. ஒரு பெரிய தொட்டியில் கடைசி வரை வைத்துத் தீனி போட்டேன்.

குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். டாங்கனிக்காவில் அதைச் செய்கிற மீன் ஒன்று இருக்கிறது என்பது தெரியுமா? உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு கெளுத்தி. சிக்லிட்டில் பல இனங்கள் முட்டையிட்டதும் அதை வாயில் அள்ளி, அங்கேயே பொரித்து, குஞ்சு நீந்தும்வரை வாய்க்குள் வைத்திருக்கும். சிக்லிட் ஜோடி முட்டையிடும் சமயம் பார்த்து இந்தக் கெளுத்தி ஜோடி குறுக்கே பாயும், அகப்பட்ட முட்டையைத் தின்னும், தன் முட்டையை அங்கே சிந்திவிட்டுப் போகும். தாய் பதற்றத்தில் எல்லாவற்றையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். கெளுத்தி முட்டை முதலில் பொரியும். பொரிந்த குஞ்சு வளர்ப்புத் தாயின் வாய்க்குள் இருந்தபடியே அவள் பெற்ற குஞ்சுகளைத் தின்று வளரும். மீன்களில் இப்படி முழுக்க அடுத்தவர் தயவிலேயே குஞ்சு வளர்ப்பது இது ஒன்றுதான் என்கிறார்கள். 1986இல் தெட்சு சாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதை நேச்சர் என்ற அறிவியல் இதழில் எழுதினார்.

எனக்கு இது கட்டுரையில் படித்த பிறகு தெரிந்ததல்ல. வாயில் முட்டை வைத்திருக்கும் தாயை மூன்று வாரம் கழித்துப் பிடித்து, கீழ்த்தாடையை மெல்ல அழுத்தி, குஞ்சுகளைக் கிண்ணத்தில் இறக்குவது எங்கள் வழக்கம். ஒரு நாள் அப்படி இறக்கியபோது ஒரு குஞ்சுகூடச் சிக்லிட் இல்லை. மீசை முளைத்த ஆறு புள்ளிக் குஞ்சுகள், ஒவ்வொன்றும் வயிறு உப்பி. அந்தத் தாய் இருபது நாள் எதுவும் சாப்பிடாமல் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கெளுத்திக் குஞ்சுக்குச் சந்தையில் நல்ல விலை. ஆனாலும் அந்தத் தாயைப் பார்க்க எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

இன்னொரு மீன் அடுத்த மீனின் செதிலை மட்டுமே பிய்த்துத் தின்னும். அதன் வாய் கோணல். சிலவற்றுக்கு வலப்பக்கம் கோணியிருக்கும், அவை பின்னாலிருந்து வந்து இரையின் இடப்பக்கம் கடிக்கும். சிலவற்றுக்கு இடப்பக்கம், அவை வலப்பக்கம் கடிக்கும். ஒரு பக்கத்துக்காரர்கள் அதிகமானால் இரை மீன்கள் அந்தப் பக்கமே கவனமாக இருக்கும், அப்போது மறுபக்கத்துக்காரர்களுக்கு வயிறு நிறையும். அதனால் இரண்டும் ஏறி இறங்கிப் பாதிக்குப் பாதி என்ற கணக்கிலேயே நிற்கின்றன. மிச்சியோ ஹோரி என்பவர் பல வருடம் அங்கே மீன் பிடித்துப் பார்த்து 1993இல் இதை நிரூபித்தார். மீன்வளம் படித்த என் மகள் இந்தக் கட்டுரையைத் தமிழில் சொல்லிக் காட்டிய அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

நன்னீரில் வாழும் காசு அளவு ஜெல்லி மீன், மீன் பிடிக்க மூழ்கும் நீர்நாகம் என்று இன்னும் பல உண்டு. ஜேன் குடால் அம்மையார் 1960இல் சிம்பன்சிகளைப் பார்க்கப் போய் இறங்கிய கோம்பே, இதே ஏரியின் கிழக்குக் கரைதான்.

இப்போது ஆழத்துக்கு வருகிறேன். 1,470 மீட்டர் என்று படித்தால், அடிவரை மீன் நீந்துவதாகப் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். அப்படி இல்லை. மேலே நூறு மீட்டர், சில இடத்தில் இருநூறு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான் பிராணவாயு. அதற்குக் கீழே ஒரு கிலோமீட்டருக்கு மேல் மீன் மூச்சுவிட முடியாத தண்ணீர். மேல்தண்ணீர் வெப்பமும் லேசும், அடித்தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சியும் கனமும். இரண்டும் எளிதில் கலப்பதில்லை. செத்த மீன், பாசி, கழிவு எல்லாம் கீழே போய்ச் சேர்கிறது. அப்படியானால் மேலே இருப்பவர்களுக்கு உரம் எங்கிருந்து வரும்? காற்று கொடுக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து விடாமல் அடிக்கும் காற்று மேல்தண்ணீரை வடக்கே தள்ளுகிறது. தெற்கில் அந்த இடத்தை நிரப்ப ஆழத்துத் தண்ணீர், உரத்தோடு, மேலே வருகிறது. பாசி பெருகுகிறது, பாசியைத் தின்னும் நுண்ணுயிர் பெருகுகிறது, அதைத் தின்ன தகா வருகிறது.

தகா என்பது நம் நெத்திலி அளவுச் சிறு மீன், மத்திக்கு உறவு. கடலிலிருந்து எந்தக் காலத்திலோ ஆற்று வழியாக உள்ளே வந்த வம்சம். நிலா இல்லாத இரவுகளில் இரண்டு படகை ஒன்றாகக் கட்டி, விளக்கு வைத்து, கூடி வரும் மீனை வலையில் தூக்குவார்கள். முழுநிலாவை ஒட்டிய நாட்களில் தொழில் கிடையாது. அந்தப் படகை அங்கே கேட்டமரான் என்கிறார்கள். நம் கட்டுமரம் என்ற சொல் அத்தனை தூரம் போயிருக்கிறது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் கணக்கு வேலை பார்க்கும் என் வாடிக்கையாளர் ஒருவர், ஒரு விடுமுறையில் ஏரிக்கரை ஊரான கிகோமாவின் தகாக் கருவாடு ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்ததும் காசிமேட்டு வாசனை. மனைவி சின்ன வெங்காயமும் தக்காளியும் போட்டு வதக்கினாள். நான் இத்தனை வருடம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஏரி, அன்றைக்கு என் தட்டில் இருந்தது. அங்கே கரையில் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்குத் தினமும் இதுதான் புரதம்.

அந்தத் தகாதான் குறைந்துகொண்டு வருகிறது. ஏரியின் மேல்தண்ணீர் சூடேறியிருக்கிறது. மேலே சூடு கூடக் கூட, கீழ்த்தண்ணீரோடு கலப்பது இன்னும் கடினமாகிறது, உரம் கீழேயே தங்கிவிடுகிறது. கேத்தரின் ஓ'ரெய்லியும் அவருடன் உழைத்தவர்களும் 2003இல் நேச்சரில் வெளியிட்ட கணக்குப்படி, ஏரியின் பாசி உற்பத்தி சுமார் 20 விழுக்காடு குறைந்திருக்கலாம், அதனால் மீன் சுமார் 30 விழுக்காடு குறையக்கூடும். பின்னர் 2016இல் வந்த ஆய்வில், அடிமண்ணில் படிந்த மீன் எலும்புகளை எண்ணிப் பார்த்து, பெரிய அளவில் மீன்பிடி தொடங்குவதற்கு முன்பே சரிவு ஆரம்பித்திருப்பதைக் காட்டினார்கள். வலையையும் சும்மா சொல்லிவிட முடியாது. படகுகள் அதிகம், கண் சிறுத்த வலைகள் அதிகம். 2024இல் தான்சானியா மே நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை மூன்று மாதம் அந்த ஏரியில் மீன்பிடியை நிறுத்தி வைத்தது. நம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு நிற்கும்போது காசிமேட்டில் குடும்பங்கள் எப்படித் தவிக்கின்றன என்று பார்த்தவன் நான். அங்கே மூன்று மாதம் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கரைப் பாறைக்கு வேறொரு ஆபத்து. மலைச்சரிவில் காடு வெட்டினால் மழைக்கு மண் ஏரிக்குள் வருகிறது. பாறை மேல் ஒரு விரற்கடை சேறு படிந்தால் போதும், பாசி போயிற்று, ட்ரோஃபியஸ் போயிற்று. பக்கத்துப் பாறைக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளட்டும் என்றால், நடுவே இருக்கும் மணலை அது தாண்டாது என்று முன்பே சொன்னேன். ஒரு நிறம் அதோடு முடிந்தது.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. மாணவர் பக்கத்தில் டாங்கனிக்காவுக்குத் தனியாக ஒரு முழுப் பக்கம் கொடுங்கள். ஆழத்தோடு, உயிர் வாழ்வது மேலே உள்ள மெல்லிய அடுக்கில்தான் என்பதையும், தெற்குக் காற்றையும், ஓட்டைப் புதைக்கும் மீனையும் போடுங்கள். வண்ணமீன் வாங்கும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை: கடையில் டாங்கனிக்கா மீன் கேட்கும்போது, எந்தக் கரை மீன் என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால் கடைக்காரர் இறக்குமதியாளரைக் கேட்பார், அவர் தொட்டியைப் பிரித்து வைப்பார். வளர்க்க முடியாமல் போனால் போரூர் ஏரியிலோ ரெட்டேரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள், என்னிடம் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டிருக்கும் மேசைக்கு எதிரேதான் மல்டி தொட்டி. மூன்று ஜோடியாக வந்தவை, இன்றைக்கு எண்ணினால் அறுபதுக்கு மேல். ஓடு பற்றாமல் இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி செங்கல்பட்டு போகிறேன். உங்கள் மாணவர் பக்கத்தைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது பார்க்க ஆசைப்பட்டால் பெரியவர்களோடு வரட்டும். சாயங்காலம் நாலரை மணி தீனி நேரம், அப்போதுதான் எல்லாம் ஓட்டை விட்டு வெளியே வரும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
வண்ணமீன் வளர்ப்பாளர்,
கொளத்தூர், சென்னை.